தரையில் தங்காதே

செவ்வாய்க்கிழமை பெட்டி நாள்.
மாட்டுத்தாவணியில் தக்காளி இறக்கிய
மரப்பெட்டி இரண்டு, மேலே பலகை, நான்கு ஆணி.
நாற்பது சென்டிமீட்டர்.
அதிலிருந்து குதிக்கக் கூடாது, விழ வேண்டும்.
விழுந்தது தெரியும் முன் எழ வேண்டும்.
"தரையில தங்காத" என்கிறாள் ரூபவதி,
பாதங்களை மட்டும் கைப்பேசியில் பிடித்தபடி.
"வாடகை கேக்குற தரைடி அது."

அவளுக்கும் என் வயதுதான்.
தடை ஓட்டத்தில் முட்டி போன பிறகு
என் மணலைச் சமன்செய்ய வந்தவள்.
நான் அண்ணா பஸ் ஸ்டாண்ட் அருகே ஜெராக்ஸ் கடையில்
பத்து மணியிலிருந்து எட்டு மணி வரை நிற்பவள்.

போன வருடம் முழுக்க இரும்பு.
என் எடையைப்போல் ஒன்றரை மடங்கு தோளில் ஏற்றி
குந்தினேன், எழுந்தேன்.
தொடை தடித்து இரண்டு ஜீன்ஸ் கிழிந்தன.
தூரம் மட்டும் அசையவில்லை: ஐந்து எண்பத்தேழு.
பலம் இருந்தது.
அது பாதத்துக்கு வந்து சேர்வதற்குள்
பலகை முடிந்துவிட்டது.
கீழமாசி வீதியில் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி நான்.
வருவேன், வழிவிடச் சொல்லிச் சொல்லி.

பலகை தருவது
நொடியைப் பத்தாக வெட்டி அதில் ஒன்று,
கொசுறாக இன்னும் கொஞ்சம்.
அதற்குள் கொடுக்க முடிந்ததுதான் கணக்கு.
மிச்சமெல்லாம் தொடையில் கிடக்கும் வெறும் சதை.

வியாழன் கீழக்குயில்குடி.
குளத்துக்கு அப்பால் ஏறும் மண்சரிவில்
இடது காலில் பத்துத் தாவல், வலதில் பத்து.
மலையின் படிகளைச் சமணர்களுக்கே விட்டுவிட்டோம்.
ஆடு மேய்க்கிறவர் முதல் வாரம் கேட்டார்:
"ஏம்மா, கால்ல முள்ளா?"
மூன்றாம் வாரம்
ஆடுகளை அங்கிட்டு ஒதுக்கிக்கொண்டார்,
ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளி ஒன்றும் செய்யக் கூடாது.
எனக்கு வராத பயிற்சி அது ஒன்றுதான்.
தசை ஆறிவிடும், நரம்பு லேசில் ஆறாது;
இரண்டு நாள் ஆகும் என்பாள் ரூபா.
மாடிப்படியை இரண்டிரண்டாய் ஏறினால் திட்டுவாள்.
ஏறுவேன். திட்டுவாள்.

பிறகு, கடைசிக்கு முந்தைய அடி.
கொஞ்சம் நீளம், கொஞ்சம் தாழ்வு,
நிலை தலையில் இடிக்காமல் குனிவது போல
இடுப்பு மட்டும் ஒரு விரற்கடை இறங்கும்.
அடுத்தது குட்டை அடி.
இந்த இரண்டு அடிக்கு நான்கு மாதம்.

ரேஸ்கோர்ஸ் மைதானம், மூன்றாவது வாய்ப்பு.
பலகையில் கால் பட்ட சத்தம் எனக்கே கேட்டது,
அப்பளம் உடைவது போல.
அதன் பிறகு எடை இல்லை.
மணல் வெகுநேரம் வரவேயில்லை.

எழுந்து திரும்பினால்
சிவப்புக் கொடி.

பலகையின் ஓரத்துப் பிளாஸ்டிசினில்
என் ஷூ முனை, நகக்கீறல் அளவு.
நாடாவை யாரும் இழுக்கவில்லை.
ரேக்கோடு நின்ற ரூபா
ஆறு மீட்டர் அட்டையைப் பார்த்தாள்,
அதைத் தாண்டிக் கிடந்த குதிகால் குழியைப் பார்த்தாள்,
ஒரு மூச்சு நின்றாள்.
பிறகு இழுத்து மூடினாள். அது அவள் வேலை.

அன்று தாளில் ஏறியது ஐந்து தொண்ணூற்றொன்று.
நான்கு சென்டிமீட்டர் கூடுதல்.
என் பெட்டிக்கும் சரிவுக்கும் வெள்ளிக்கிழமைகளுக்கும்
ஒரு தீக்குச்சி நீளம்.

நடுவர் சுரண்டிப் போட்ட பிளாஸ்டிசினை
யாரும் பார்க்காதபோது எடுத்துப் பையில் போட்டேன்.
கோரிப்பாளையம் சிக்னலில் தொட்டுப் பார்த்தால்
வெயிலில் இளகி உருண்டையாகியிருந்தது.
ஷூ முனையும் இல்லை, கீறலும் இல்லை.

ஸ்கூட்டியை முடுக்கியபடி ரூபா கேட்டாள்:
"பெட்டிய நாப்பத்தஞ்சாக்கிருவமா?"

"வேணாம். நாப்பதே இருக்கட்டும்.
ஒரு ஆணி மட்டும் ஆடுது."